சந்தையில் நாம் கூறும் சாட்சியம்

ஒரு பொருளை வாங்க முற்படும் மனிதன், அதனை முன்னரே வாங்கிப் பயன்படுத்தியவரை நாடிக் கேட்டறிவது தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். அரிசி வாங்குவதாயினும், ஆடு வாங்குவதாயினும், பெண்ணுக்கு நகை செய்ய நல்ல தட்டாரைத் தேடுவதாயினும், நம் முன்னோர் அண்டை வீட்டாரையோ, உறவினரையோ, தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரையோ கலந்துகொண்ட பின்னரே மடியிலிருந்து பணத்தை எடுத்தனர். கேட்டவரும் சொன்னவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். சொன்ன சொல் பொய்த்துப் போனால், மறுநாள் அதே தெருவில் முகங்கொடுத்து நடக்க வேண்டுமே என்னும் நாணம் சொல்பவரின் நாவுக்குக் கடிவாளமாக இருந்தது.

இன்று அந்தப் பெரியவர் இருந்த இடத்தில் கைப்பேசி இருக்கிறது. இணையத்தில் நூல் விற்கத் தொடங்கிய அமேசான் நிறுவனம், வாங்கியவர்களின் கருத்துரையைப் பொருளுக்குக் கீழேயே வெளியிடும் முறையை 1995ஆம் ஆண்டில் கைக்கொண்டது. அன்று புதுமையாகத் தோன்றிய அவ்வழக்கம், இன்று மின்விசிறி, கைப்பேசி, குழந்தைக்கான பால்மாவு, மருத்துவர், உணவு விடுதி என எல்லாவற்றையும் தழுவி நிற்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள். அவற்றின் கீழே முகமறியாத ஒருவரின் இரண்டு வரிகள். அவ்விரண்டு வரிகளை நம்பி ஒரு குடும்பத் தலைவர் தம் ஒரு மாத ஊதியத்தைச் செலவிடுகிறார். அவ்விரண்டு வரிகளாலேயே ஒரு சிறு வணிகரின் அடுப்பு எரிவதும் அணைவதும் உண்டு.

ஆகவே, பொழுதுபோக்காக எண்ணிப் பதிவு செய்யும் இக்கருத்துகளை, ஈமான் கொண்ட ஒருவர் எவ்வாறு நோக்க வேண்டும் என்று ஆராய்வது தேவையாகிறது. இதற்கு விடை காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பிறர் நம்பிச் செயல்படும் பொருட்டு ஒருவர் சொல்லும் செய்திக்கு மார்க்கத்தில் ஒரு பெயர் உண்டு. அதன் பெயர் சாட்சியம்.

சாட்சியத்தின் கனம்

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப்பற்றியது என்று கேட்டால், தொழுகையைப் பற்றியதென்றோ நோன்பைப் பற்றியதென்றோ பலர் எண்ணக்கூடும். உண்மையில், சூரத்துல் பகராவின் 282ஆம் வசனமாகிய அது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும், அதற்குச் சாட்சிகளை அமைத்துக்கொள்வதையும் பற்றியது. அதனை அடுத்த வசனம், சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என எச்சரிக்கிறது. சூரத்துந் நிஸாவின் 135ஆம் வசனமோ, தமக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக அமைந்தபோதிலும் நீதியின்பால் நிலைத்து நின்று சாட்சி பகருமாறு ஈமான் கொண்டோரைப் பணிக்கிறது.

பெரும் பாவங்கள் எவையென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு எடுத்துரைத்த நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. இணைவைத்தலையும் பெற்றோரை நோவினை செய்தலையும் சாய்ந்தவண்ணம் கூறிய அண்ணலார், பொய்ச் சாட்சியம் பற்றிக் கூறும் நேரத்தில் நிமிர்ந்து அமர்ந்து, அதனைத் திரும்பத் திரும்ப உரைத்தார்கள். அவர்கள் இதனை நிறுத்திக்கொள்ளமாட்டார்களா எனத் தோழர்கள் ஏங்கும் அளவுக்கு அது நீடித்தது. நீதிமன்றப் படியேறிச் சொல்வது மட்டுமே சாட்சியம் என நாம் கருதினால், இந்த எச்சரிக்கையின் பெரும்பகுதியை இழந்தவர்களாவோம்.

நஜ்ஷ் என்னும் பழைய நோய்

அரபு நாட்டுச் சந்தைகளில் ஒரு தந்திரம் வழங்கி வந்தது. ஒட்டகத்தை விற்பவன் ஒருபுறம் நிற்பான். அவனோடு உள்ளூர உடன்பாடு கொண்ட மற்றொருவன், வாங்கும் எண்ணம் சிறிதுமின்றிக் கூட்டத்தில் நுழைந்து, அவ்வொட்டகத்தை வானளாவப் புகழ்ந்து விலையை ஏற்றிக் கேட்பான். அதனைக் கண்ட அப்பாவி, இத்தனை பேர் விரும்பும் பொருள் நல்லதாகவே இருக்கும் என மயங்கி, மேலும் விலை கொடுத்து வாங்கிச் செல்வான். இதற்கு நஜ்ஷ் என்று பெயர். இதனை நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவாகத் தடுத்த செய்தியைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். இவ்வாறு நடந்த விற்பனையை வாங்கியவர் முறித்துக்கொள்ள உரிமை உண்டா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அச்செயல் பாவம் என்பதில் வேறுபாடில்லை.

அந்தக் கூட்டத்தாள் இன்றும் மறைந்துவிடவில்லை. பொருளை இலவசமாகப் பெற்றுக்கொண்டு ஐந்து நட்சத்திரம் வழங்குபவர் அவரே. கூலிக்கு அமர்ந்து, ஒரே நாளில் பத்துப் பெயர்களில் பத்துப் புகழுரை எழுதுபவரும் அவரே. பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு சிறு சீட்டு. ஐந்து நட்சத்திரம் கொடுத்து அதன் படத்தை அனுப்பினால் நூறு ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்னும் அழைப்பு. நூறு ரூபாய்தானே என நம் வீட்டுப் பிள்ளைகள் உடனே அதனைச் செய்துவிடுகின்றனர். பொருள் உண்மையிலேயே நன்றாக இருக்கலாம். ஆயினும் கூலி பெற்றதை மறைத்து உரைக்கும் புகழ்ச்சி, படிப்பவரை ஏமாற்றுவதேயன்றி வேறில்லை.

உலகின் சட்டங்கள் இவ்வுண்மையை இப்போதுதான் ஒவ்வொன்றாக எழுதி வருகின்றன. இணையக் கருத்துரைகளை எவ்வாறு திரட்டிச் சரிபார்த்து வெளியிட வேண்டும் என்பதற்கு, இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 19000 என்னும் தரநிலையை 2022ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்டது. விரும்பி ஏற்பதற்குரியதாக அறிமுகமான இத்தரநிலை, எழுதுபவர் மெய்யான ஆள்தானா எனச் சரிபார்ப்பதை வலியுறுத்துகிறது. அதே ஆண்டு ஜூனில் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகள், ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் அதனை விற்பவருக்கும் தொடர்பு இருக்குமாயின் அதனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. அமெரிக்காவில் போலிக் கருத்துரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் விதி 2024 அக்டோபர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் 2025 ஏப்ரலில் இத்தகைய தடையைச் செயற்படுத்தியது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் மதீனத்துச் சந்தையில் தடுக்கப்பட்டதன் சாயலை இச்சட்டங்களில் காண்கிறோம்.

நனைந்த தானியமும் நிறைந்த மடியும்

விற்பவரின் கடமை என்ன என்பதற்கு நாயகத்தின் வாழ்விலிருந்தே சான்று கிடைக்கிறது. சந்தையில் குவிக்கப்பட்டிருந்த தானியத்துள் அண்ணலார் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதென வணிகர் கூறினார். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய நாயகம் அவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள். இந்நிகழ்ச்சி முஸ்லிம் நூலில் உள்ளது. தானியம் நனைந்தது குற்றமன்று. மழையை யாரால் தடுக்க முடியும்? நனைந்ததை அடியில் மறைத்ததே குற்றம்.

மற்றொரு தந்திரத்தையும் அண்ணலார் தடுத்தார்கள். ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பதற்குச் சில நாள் முன்பிருந்தே பால் கறக்காமல் விட்டு, மடி நிறைந்திருப்பதாகக் காட்டி ஏமாற்றுவது அது. இவ்வாறு ஏமாந்தவர், பிராணியை வைத்துக்கொள்ளலாம். அல்லது கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தரலாம் எனவும், அதற்கு மூன்று நாள் அவகாசம் உண்டு எனவும் நபிமொழி கூறுகிறது. பொருளைத் திருப்பித் தரும் உரிமை ஏதோ புதிய வணிக உத்தி என எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். வாங்குபவர் பாலுக்கு ஈடு தர வேண்டும் எனக் கூறியதன் மூலம், விற்பவரின் உரிமையும் அங்கே காக்கப்பட்டிருக்கிறது.

நிறைந்த மடியைக் காட்டும் வித்தை இன்று திரையில் நடைபெறுகிறது. படத்தில் பளபளக்கும் துணி, கையில் வரும்போது வேறு நிறம். தொடக்கத்தில் ஒரு விலை காட்டப்பட்டு, பணம் செலுத்தும் வேளையில் இன்னின்ன கட்டணம் என அது ஏறிக்கொண்டே போகிறது. இன்னும் இரண்டே இருக்கின்றன, விரைவீர் என்னும் பொய்யான அவசரம். நாம் கேளாத ஒன்று நம் கூடையில் தானே வந்து அமர்ந்திருக்கிறது. இத்தகைய பதின்மூன்று தந்திரங்களைப் பெயர் குறிப்பிட்டுத் தடுத்து, இந்திய அரசு 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இவற்றால் பாதிக்கப்படுவோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

துணி வணிகராக விளங்கிய இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களைப்பற்றி வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் செய்தி ஒன்று இங்கு நினைவுகூரத் தக்கது. ஒரு துணியில் இருந்த குறையை வாங்குபவரிடம் எடுத்துச் சொல்லுமாறு தம் கூட்டாளியைப் பணித்தார்கள். கூட்டாளியோ மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்பதும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அவ்விற்பனையில் கிடைத்த பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். வாங்கியவர் வந்து குறை கூறவில்லை, கூறவும் போவதில்லை. எனினும் குறையை அறிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்னும் உணர்வே அவர்களை அவ்வாறு செய்யத் தூண்டியது.

வாங்குபவரும் அளந்து பார்க்கப்படுவார்

விற்பவரின் குற்றங்களைக் கேட்பது வாங்குபவராகிய நமக்கு இனிமையாகவே இருக்கும். ஆனால் சூரத்துல் முதஃப்பிஃபீன் எவரைக் கண்டிக்கிறது என்று நோக்குங்கள். தமக்குப் பெறும்போது நிறைவாகப் பெற்றுக்கொண்டு, பிறர்க்கு அளக்கும்போது குறைத்துக் கொடுப்போரை அது கண்டிக்கிறது. இதில் விற்பவர் மட்டும் அடங்குவார் எனக் கொள்வதற்கில்லை.

பெருநாளைக்கோ திருமணத்துக்கோ ஆடையை வரவழைத்து, ஒரு நாள் உடுத்தி மகிழ்ந்துவிட்டு, அளவு பொருந்தவில்லை எனத் திருப்பி அனுப்புவது எந்த அளவை? தாமே கீழே போட்டு உடைத்த பொருளை, வரும்போதே உடைந்திருந்தது எனச் சாதிப்பது எந்தச் சாட்சியம்? மழையில் நனைந்தவண்ணம் உணவைக் கொண்டுவந்த இளைஞர் பத்து நிமிடம் தாமதித்தார் என்பதற்காக ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டு உணவருந்த அமர்கிறோம். பல நிறுவனங்களில் இத்தகைய பணியாளரின் ஊக்கத்தொகையும், சில வேளைகளில் வேலையுமேகூட, அம்மதிப்பைச் சார்ந்திருக்கின்றன. நம் கோபத்தின் விலையை அவருடைய பிள்ளைகள் கொடுக்கின்றனர். சமையல் தாமதமாயிற்றா, பாதை அடைபட்டிருந்ததா என ஒரு சொல் கேட்டிருந்தால், நம் விரல் அவ்வளவு விரைந்து அழுத்தியிருக்காது.

குறை கூறுவது புறமாகுமா?

இங்கே பேணுதலுடைய சிலருக்கு ஓர் ஐயம் எழும். ஒரு கடையைப்பற்றியோ வணிகரைப்பற்றியோ குறை எழுதுவது, திருமறை தடுத்துள்ள புறம் பேசுதல் ஆகாதா? ஏமாந்தாலும் வாய்மூடி இருப்பதுதான் தக்வாவா?

இதற்கு ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் செய்தி விளக்கமளிக்கிறது. முஆவியாவும் அபூ ஜஹ்மும் தம்மை மணம் பேசியிருப்பதாகக் கூறி அவ்வம்மையார் ஆலோசனை கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் மழுப்பவில்லை. அபூ ஜஹ்ம் தோளினின்று கோலைக் கீழே வைக்காதவர் என்றும், முஆவியா பொருள் வசதியற்றவர் என்றும் உள்ளதை உள்ளபடி எடுத்துரைத்து, உஸாமாவை மணந்துகொள்ளுமாறு கூறினார்கள். முஸ்லிம் நூலில் உள்ள இந்நபிமொழி போன்றவற்றை ஆதாரமாகக் கொண்டு, இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீன் நூலில், ஒருவரின் குறையைப் பிறரிடம் கூற அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை வகுத்துள்ளார்கள். அநீதியிழைக்கப்பட்டவர் முறையிடுவதும், தீங்கிலிருந்து பிறரை எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும்.

ஆகவே, கெட்டுப்போன இறைச்சியை ஒரு கடை விற்குமாயின், அதனைச் சொல்வது புறமன்று. சொல்லாமல் மறைப்பதே சாட்சியத்தை மறைப்பதாகும். ஆனால் அனுமதி தேவையின் அளவுக்கே உரியது. பொருளின் குறையைச் சொல்லப் புகுந்து, வணிகரின் குலத்தையும் குடும்பத்தையும் இழுப்பதற்கு அதில் இடமில்லை. ஒரு கடைக்காரரின் பிழையை அவர் சார்ந்த சமயத்தினர் அனைவர்மீதும் ஏற்றுவதற்கும் இடமில்லை. நம்மைப்பற்றிப் பிறர் அவ்வாறு எழுதும்போது நாம் படும் வேதனையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

எண்களைப்பற்றிய வதந்திகள்

தாமே அனுபவித்ததைச் சொல்வது ஒருவகை; கேட்டதையெல்லாம் சொல்வது மற்றொருவகை. இரண்டாவது வகையே நம் இல்லங்களில் இன்று மிகுதி.

பிரான்சு நாட்டில் 1976ஆம் ஆண்டளவில் ஒரு துண்டறிக்கை பரவத் தொடங்கியது. உணவுப் பொருள்களில் சேர்க்கப்படும் சேர்மானங்களை எண்களால் பட்டியலிட்டு, புற்றுநோய் உண்டாக்குபவை எனச் சிலவற்றைக் குறிப்பிட்டிருந்தது. பாரிசுக்கு அருகில் வில்ஜுய்ஃப் என்னும் ஊரிலுள்ள மருத்துவமனை வெளியிட்டதாக அதில் கண்டிருந்தது. அங்குள்ள புற்றுநோய் ஆய்வு நிலையம் தனக்கும் அதற்கும் தொடர்பில்லையென மறுத்தும் பயனில்லை. அன்புள்ள தாய்மார்களும் ஆசிரியர்களும் அதனைப் படியெடுத்துப் பிறருக்குக் கொடுத்தவண்ணம் இருந்தனர். அது பிற ஐரோப்பிய மொழிகளுக்கும் சென்றது. அனைத்திலும் கொடியது என அதில் குறிக்கப்பட்டிருந்தது 330 என்னும் எண். அது யாதெனில், எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலம்!

நம்மிடையே சுற்றிவரும் பட்டியல் வேறு. இன்னின்ன எண்கள் இருந்தால் பன்றிக் கொழுப்பு கலந்துள்ளது, உண்பது ஹராம் எனக் கூறும் செய்தி அது. அதில் அடிக்கடி இடம்பெறும் 471 என்னும் எண், எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்ந்திருக்க உதவும் ஒரு பொருளைக் குறிக்கும். அதனைத் தாவர எண்ணெயிலிருந்தும் செய்யலாம். விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். எண் மட்டும் மூலத்தைச் சொல்லாது. இந்தியாவில் விற்கப்படும் உணவுப் பொட்டலங்களில் பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம் காணப்படுமாயின், அது சைவப் பொருள் என உற்பத்தியாளர் சட்டப்படி அறிவிப்பதாகும். அங்கே விலங்குக் கொழுப்புக்கு இடமில்லை. ஆனால் அவ்வடையாளம் மதுச் சேர்மானத்தைப்பற்றி எதுவும் சொல்வதில்லை. அதனைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். 120 என்னும் எண்ணோ, காக்சினீல் என்னும் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் சிவப்பு நிறத்தைக் குறிப்பது. அதில் ஐயம் கொள்வோர்க்கு அடிப்படை உண்டு. அறிந்து ஐயுறுவது பேணுதல். அறியாமல் பரப்புவது பேணுதலாகாது.

செய்தி கொண்டுவருபவன் நம்பத்தகாதவனாயின் அதனைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் எனச் சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் எச்சரிக்கிறது. கேட்டதையெல்லாம் எடுத்துரைப்பதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்பது முஸ்லிம் நூலில் காணப்படும் நபிமொழியின் கருத்து. மார்க்கப் பற்றினால் அனுப்பினேன் என்பது இதற்கு மறுமொழியாகாது. பொய்யான ஒரு பட்டியலால் ஹலாலான உணவை விற்கும் ஒருவரின் வணிகம் சரியுமாயின், அந்த இழப்பை எந்த நற்செயலைக் கொண்டு ஈடுசெய்வது? ஹராமை ஹலாலாக்குவது எவ்வளவு பிழையோ, ஹலாலை ஹராம் என அறிவிப்பதும் அவ்வளவு பிழையே.

எழுதுமுன் எண்ணுவோம்

இதனால், கருத்துக் கூறாமலே இருந்துவிடுவது நலம் என முடிவு செய்வதும் சரியன்று. நேர்மையான வணிகர் ஒருவர், விளம்பரத்துக்குச் செலவிடப் பொருளின்றி, நல்ல சரக்கை நியாய விலைக்கு விற்றுக்கொண்டிருக்கலாம். நாம் எழுதும் நான்கு நல்ல சொற்களே அவருக்குக் கிடைக்கும் விளம்பரம். ஏமாற்றுக்காரரைப்பற்றிய உண்மையான ஓர் எச்சரிக்கை, அறியாத ஓர் ஏழையின் சேமிப்பைக் காக்கலாம். இரண்டுமே நன்மைதான்.

ஆயினும் எழுதுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இதனை நானே பயன்படுத்தி அறிந்தேனா? இதற்காக எதையேனும் பெற்றுக்கொண்டேனா? என் கோபமோ நட்போ தராசின் தட்டில் ஏறி அமர்ந்திருக்கிறதா? அந்த வணிகரை நேரில் கண்டால் இதே சொற்களைச் சொல்வேனா? இவற்றுக்கு மனமறிந்த விடை கிடைத்தபின் எழுதுவோம். பின்னர் குறை நீக்கப்பட்டதாயின், அதனையும் எழுதிச் சேர்ப்போம். நம் பிள்ளைகளுக்கும் இப்பழக்கத்தைக் கற்பிப்போம். ஏனெனில் இன்று குடும்பத்தின் சார்பில் கைப்பேசியில் எழுதுபவர்கள் பெரும்பாலும் அவர்களே.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் செய்யப்படும், பொய்யுரைத்து மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்பது ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவித்து புகாரியில் பதிவான நபிமொழியின் கருத்து. இங்கே வாங்குபவரும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறார் என்பதை மறவாதிருப்போம். இணையத்தில் நம் பெயரை மறைத்துக்கொள்ளலாம். எழுதியதை அழிக்கவும் செய்யலாம். ஆனால் மொழியும் ஒவ்வொரு சொல்லுக்கும் அருகே கண்காணிப்பவர் ஆயத்தமாக இருக்கிறார் எனச் சூரத்து காஃப் அறிவிக்கிறதே! அந்த ஏட்டில் மாற்றுப் பெயருக்கு இடமில்லை.

உண்மையை அறிந்து உரைக்கவும், அறியாததில் நாவையும் விரலையும் அடக்கிக்கொள்ளவும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்புரிவானாக! ஆமீன்.